மூன்று வாரப் பயணத்தில் ஒரு வாரத்தை மட்டும் ரத்து செய்தால் காப்பீடு பணம் தருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் மூன்று வாரப் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். முதல் வாரம் மலைப்பாதையில் குழுவோடு நடைப்பயணம், இரண்டாம் வாரம் ஒரு நகரத்தில் தங்கல், மூன்றாம் வாரம் கப்பல். புறப்பட 10 நாள் இருக்கும்போது முழங்காலில் சவ்வு கிழிந்துவிட்டது. நான்கு வாரத்துக்கு நீண்ட நடை கூடாது என்கிறார் மருத்துவர். அதனால் முதல் வாரத்தை மட்டும் விட்டுவிட்டு, இரண்டாம் வாரத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று யோசிக்கிறீர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியவரோ, ‘பயணத்தை ரத்து செய்தால்தான் க்ளெய்ம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முழுசாக ரத்து செய்பவருக்குப் பணம், இரண்டு வாரமாவது போகிறேன் என்பவருக்கு ஒன்றுமில்லையா என்பதுதான் உங்கள் ஆதங்கம்.

பல வருடங்கள் பயணக் காப்பீட்டு க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரு பகுதியை மட்டும் ரத்து செய்தாலும் பணம் தரும் பாலிசிகள் நிறையவே உண்டு. ஆனால் எவ்வளவு ரத்து செய்தீர்கள் என்பதை வைத்து அவை முடிவு செய்வதில்லை. எந்தக் காரணத்தால் செய்தீர்கள், அந்தக் காரணம் பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா, வேறு எங்கிருந்தும் திரும்ப வராத பணம் எவ்வளவு, இந்த மூன்றைத்தான் பார்ப்பார்கள். உங்கள் பாலிசியை நான் பார்க்கவில்லை. எனவே பொதுவாக எங்கும் செல்லுபடியாவது எது, பாலிசிக்குப் பாலிசி மாறுவது எது என்று பிரித்துச் சொல்கிறேன். மாறும் இடங்களில் உங்கள் பாலிசிப் புத்தகத்தை நீங்களேதான் திறந்து பார்க்க வேண்டும்.

முதலில், உதவி எண்ணில் பேசியவர் பொய் சொல்லவில்லை. அவர் ஒரு பிரிவை மட்டும் படித்திருக்கிறார். பயணக் காப்பீட்டில் ரத்து என்பது ஒரு பிரிவு, அது நீங்கள் புறப்படும்வரைதான். இடைமுறிவு அல்லது பயணத்தைக் குறைத்தல் என்பது இன்னொரு பிரிவு, அது புறப்பட்ட பிறகு. உங்கள் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இன்னும் புறப்படவில்லை, ஆனால் பயணத்தை முழுசாகக் கைவிடவும் இல்லை. அமெரிக்க பாணிப் பாலிசிகள் பலவற்றில் இதற்கு வழி இருக்கிறது. இடைமுறிவுப் பிரிவிலேயே ‘பயணத்தைத் தாமதமாகத் தொடங்க நேர்ந்தால்’ என்று ஒரு வரி வரும். பயன்படுத்தாமல் போன முன்பணத்தையும், பின்னால் போய்ச் சேர்வதற்கான கூடுதல் போக்குவரத்துச் செலவையும் அதன்கீழ் கேட்கலாம். அந்தப் பிரிவின் உச்சவரம்பு பல பாலிசிகளில் பயணச் செலவின் 150 சதவீதம் வரை இருப்பது இதனால்தான். இழந்த முன்பணத்தோடு, கடைசி நேரத்தில் வாங்கும் டிக்கெட்டின் செலவும் சேர்ந்துகொள்ளும் அல்லவா? பிரிட்டிஷ் பாணிப் பாலிசிகளில் கதை வேறு. அங்கே குறைத்தல் என்றால் பெரும்பாலும் ஊர் திரும்பிய நாளிலிருந்து கணக்கு. தாமதமாகச் சேர்வதற்குத் தனி இடம் பல நேரம் இருக்காது. ரத்துப் பிரிவில் ‘பயணத்தை அல்லது அதன் ஏதேனும் ஒரு பகுதியை’ என்பது போன்ற சொற்றொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘பயணம்’ என்ற சொல்லுக்கு முன்பக்கத்தில் என்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் தந்த பொருளை வைத்தே முடிவான கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் காரணம். இங்கேதான் உங்கள் க்ளெய்ம் ஜெயிப்பதும் தோற்பதும். நோய், காயம் என்பவை ஏறத்தாழ எல்லாப் பாலிசியிலும் ஏற்கப்படும் காரணங்கள். ஆனால் அவை கேட்பது ‘பயணம் செய்ய இயலாத நிலை’. உங்கள் மருத்துவர் சொன்னதோ ‘நீண்ட நடை கூடாது’. ரெண்டும் ஒன்றல்ல. விமானத்தில் ஏறி அந்த நாட்டுக்குப் போய் அறையில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியும், நடக்கத்தான் முடியாது என்று காப்பீட்டு நிறுவனத்தில் க்ளெய்மைச் சரிபார்க்கும் ஒரு கண்டிப்பான பரிசோதகர் எழுதினால், அதை உடைக்க உங்களிடம் ஏதாவது வேண்டும். அந்த வாரம் முழுவதும் நடைப்பயணம் மட்டுமே என்பதைக் காட்டும் நாள்வாரியான நிரல்தான் அந்த ஆயுதம். தினமும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், நடக்காதவருக்கு வண்டி ஏற்பாடு உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த நிரலை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அதைப் பார்த்த பிறகு அவர் எழுதும் கடிதத்தை வாங்குங்கள். பொத்தாம்பொதுவாக ‘ஓய்வு தேவை’ என்று எழுதிய கடிதம் எதற்கும் உதவாது.

அந்தக் கடிதத்தில் தேதிகள் இருக்கட்டும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காயம் பட்டது புறப்பாட்டுக்கு 10 நாள் முன்பு. கப்பல் கிளம்புவது புறப்பாட்டிலிருந்து 14 நாள் கழித்து. ஆக 24 நாள். மருத்துவர் சொன்ன நான்கு வாரம் என்பது 28 நாள். அதாவது அவர் விதித்த கெடு முடிவதற்குள்ளேயே நீங்கள் கப்பலில் இருப்பீர்கள், நகரத்தில் தங்கும் வாரம் முழுவதும் அந்தக் கெடுவுக்குள்ளேதான் வருகிறது. கடிதத்தில் ‘நான்கு வாரம் பயணம் செய்யத் தகுதியில்லை’ என்று மொட்டையாக இருந்தால், முதல் வாரத்துக்கான க்ளெய்ம் வேண்டுமானால் எளிதாகும். ஆனால் பிற்பாடு நகரத்திலோ கப்பலிலோ கால் வீங்கி மருத்துவமனைக்குப் போனால், மருத்துவர் சொல்லை மீறிப் பயணம் செய்தீர்கள் என்று அந்தச் செலவு முழுவதையும் மறுத்துவிடுவார்கள். பெரிய பணம் இருப்பது அங்கேதான், நடைப்பயணக் கட்டணத்தில் அல்ல. ஆகவே இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நடைப்பயணத்துக்குத் தகுதியில்லை, இன்ன தேதியிலிருந்து விமானப் பயணமும் சாதாரணத் தங்கலும் கப்பலும் செய்யலாம் என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். உண்மை அப்படி இருந்தால் மட்டும். மருத்துவர் தயங்கினால் அவர் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து முழுப் பயணத்தையும் மறுபடி யோசிப்பதே உங்களுக்கு நல்லது.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பாலிசி வாங்கியதற்கும் புறப்படுவதற்கும் இடையில் உடல்நிலையில் மாற்றம் வந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சில பாலிசிகள், குறிப்பாகப் பிரிட்டிஷ் பாணி ஆண்டுப் பாலிசிகள், நிபந்தனை வைக்கின்றன. மறைத்துவிட்டுப் போனால் மிச்ச இரண்டு வாரத்துக்கும் முழங்கால் சம்பந்தமான எதற்கும் பாதுகாப்பு இருக்காது. தவிர, சில இடங்களில் ரத்து க்ளெய்ம் ஒன்றை முழுமையாகத் தீர்த்துவிட்டால் அந்தப் பயணத்துக்கான பாலிசியே முடிந்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். முதல் வாரத்துக்கான பணத்தை வாங்கிக்கொண்டு, பாதுகாப்பே இல்லாமல் கப்பலில் ஏறிய கதையாகிவிடக் கூடாது. ‘முதல் வாரத்துக்கு மட்டுமே கோருகிறேன், மிச்ச நாட்களுக்கு மருத்துவப் பாதுகாப்பு தொடர்கிறதா’ என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது நாளைக்கு யாருக்கும் நினைவிருக்காது.

சரி, விமான டிக்கெட்டுக்கு வருவோம். போகும் விமானத்தை விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தனி டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம், திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிறதே என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான விமான நிறுவனங்களின் நிபந்தனைகளில், டிக்கெட்டின் பகுதிகளை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கும். முதல் பகுதிக்கு வராமல் போனால் மிச்சப் பகுதிகள் தானாகவே ரத்தாகிவிடும். திரும்பும் நாளன்று விமான நிலையத்தில்தான் அது தெரியவரும். அப்போது வாங்கும் டிக்கெட்டைக் காப்பீடு ஏற்காது, ஏனென்றால் அந்த நஷ்டம் முழங்காலால் வரவில்லை, நீங்கள் சொல்லாமல் விட்டதால் வந்தது. விமானம் கிளம்பும் முன்பே நிறுவனத்தை அழைத்துத் தேதியை மாற்றுங்கள். மாற்றுக் கட்டணம், கட்டண வித்தியாசம் இரண்டையும் தனித்தனியாக ரசீதில் காட்டச் சொல்லுங்கள். மாற்றுக் கட்டணத்தைத் தருவதில் பெரிய தகராறு வராது. கட்டண வித்தியாசத்தில் வரும், அது எழுதியிருக்கும் சொற்களைப் பொறுத்தது. நீங்களும் மனைவியும் ஒரே பதிவில் இருந்து, அவர் மட்டும் திட்டப்படி போவதாக இருந்தால், முதலில் பதிவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் பாதியில் மட்டும் கை வையுங்கள்.

இப்போது பணக் கணக்கு. மொத்தச் செலவை 100 என்று வையுங்கள். நடைப்பயணம் 30, நகரத் தங்கல் 15, கப்பல் 35, விமானம் 20. நடைப்பயணம் நடத்துபவர் தன் விதிப்படி 12 திருப்பித் தருகிறார் என்றால் உங்கள் நஷ்டம் 18. டிக்கெட் தேதி மாற்றத்துக்கு 7 ஆகிறது. ஆக நீங்கள் கேட்கப்போவது 25. இதே நீங்கள் முழுசாக ரத்து செய்தால் என்ன ஆகும்? நடைப்பயணத்தில் 18, நகர விடுதியில் ஒரு 5, புறப்பாடு நெருங்கிவிட்டதால் கப்பல் நிறுவனம் ஒன்றும் தராமல் 35, டிக்கெட் 20, மொத்தம் 78. பகுதியாக ரத்து செய்வதால் காப்பீட்டு நிறுவனத்துக்கு 53 மிச்சம். நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டியது பாலிசிதாரரின் கடமை என்று ஏறத்தாழ எல்லாப் பாலிசியும் சொல்கிறது. அந்தக் கடமையைத்தான் செய்கிறேன் என்று இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி அனுப்புங்கள். பாலிசியில் பகுதி ரத்து பற்றி ஒரு வரியும் இல்லாதபோதுகூட இந்த வாதம் எடுபட்டதைப் பார்த்திருக்கிறேன், எடுபடாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். அதை உரிமை என்று நினைத்து நம்பி இறங்க வேண்டாம். ஆனால் முதல் வாரத்தை ரத்து செய்யும் முன் காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை வாங்குவது முக்கியம். முடித்துவிட்டுச் சொன்னால் பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

மூன்று வாரத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒரே பேக்கேஜாக, ஒரே விலைக்கு வாங்கியிருந்தால் இடிக்கும். முதல் வாரத்தின் விலை என்ன என்பதற்கு ரசீதே இருக்காது. நாள் கணக்கில் பங்கு போடுவது பரிசோதகர்களின் வழக்கம். விமானம் போக 80 என்றால், 21 நாளில் 7 நாள், கிட்டத்தட்ட 27. ஆனால் பயன்படுத்தாத சேவைகளின் உண்மையான மதிப்பு அதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். பேக்கேஜ் நிறுவனத்திடம் ‘முதல் வாரத்தின் மதிப்பு இவ்வளவு, அதில் திருப்பித் தந்தது இவ்வளவு’ என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டால் பரிசோதகர் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்வார். எக்ஸஸ் எனப்படும் நம் பங்குத் தொகை ஆள் ஒன்றுக்கு என்றா, க்ளெய்ம் ஒன்றுக்கு என்றா என்பதையும் பாருங்கள். சின்னத் தொகைகளில் அதுவே பாதியைத் தின்றுவிடும்.

வவுச்சர் பற்றி ஒரு வார்த்தை. நடைப்பயண நிறுவனம் பணத்துக்குப் பதிலாக அடுத்த வருடத்துக்கான வவுச்சர் தருகிறேன் என்று சொன்னால், அதை வாங்கிக்கொண்டு காப்பீட்டிலும் முழுப் பணம் கேட்க முடியாது. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு முறை ஈடு கிடையாது என்பது மிகப் பழைய விதி. 1883-ல் இங்கிலாந்தில் காஸ்டெலைன் எதிர் பிரெஸ்டன் என்று ஒரு வழக்கு. விற்க ஒப்பந்தம் போட்ட வீட்டில் தீப்பிடிக்க, விற்றவர் காப்பீட்டுப் பணத்தையும் வாங்கினார், பிறகு வாங்குபவரிடமிருந்து முழு விலையையும் வாங்கினார். காப்பீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பாயிற்று. வீட்டுக்குச் சொன்னதுதான் வவுச்சருக்கும். அடுத்த வருடம் நிச்சயமாகப் போவீர்கள் என்றால் வவுச்சர் நல்லது. இல்லையென்றால் பணமாகவே கேளுங்கள், தர மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் மனைவியின் பங்கைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். அவருக்குக் காயமில்லை, ஆனால் உங்களோடு இருக்க முதல் வாரத்தை விட்டுவிட நினைக்கிறார். உடன் பயணிப்பவரின் நோயோ காயமோ பெரும்பாலான பாலிசிகளில் மற்றவருக்கும் ஏற்கப்பட்ட காரணம். அவர் தனிப் பாலிசி எடுத்திருந்தால் தனியாக க்ளெய்ம் போட வேண்டும், உங்கள் மருத்துவக் கடிதமே அவருக்கும் ஆதாரம். மாறாக, அவர் தனியாக நடைப்பயணம் போகிறார் என்றால் இருவர் அறையில் ஒருவர் தங்குவதற்கான கூடுதல் கட்டணம் வரும். இதைத் தரும் பாலிசிகளும் உண்டு. கேட்காமல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் பாலிசி எதைக் காக்கிறது? கப்பல் புக்கிங் செய்யும்போது அதே பக்கத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்து வாங்கிய காப்பீடு என்றால், அது கப்பல் பகுதியை மட்டுமே காக்கலாம். விமான டிக்கெட்டோடு வாங்கியது அந்த டிக்கெட்டை மட்டும் காக்கலாம். அப்படியிருந்தால் நடைப்பயணம் அவர்கள் கண்ணில் உங்கள் ‘பயணமே’ அல்ல, மேலே சொன்ன எதுவும் பயன்படாது. தனியாக வாங்கிய பாலிசி என்றாலும், நீங்கள் அறிவித்த பயணச் செலவில் நடைப்பயணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பதிவு செய்த பகுதியைச் சேர்க்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

காரணம் பாலிசியில் இல்லாத நிலையில், ‘எந்தக் காரணத்துக்காகவும் ரத்து’ என்ற கூடுதல் வசதி இருந்தால் அதைப் பார்க்கலாம். அமெரிக்கச் சந்தையில் அது வழக்கமாகச் செலவில் 50 முதல் 75 சதவீதம் வரை தரும். முதல் தவணை கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும், புறப்பட 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும், திரும்ப வராத செலவு முழுவதையும் காப்பீடு செய்திருக்க வேண்டும் என்பவை அதன் வழக்கமான நிபந்தனைகள். பெயரைப் பார்த்துப் பகுதி ரத்துக்கும் செல்லும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த வசதியின் வாசகத்திலும் ‘பயணத்தை’ என்பதையா, ‘பயணத்தின் பகுதியை’ என்பதையா எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தேட வேண்டும். இன்னொரு வழி, பயணம் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற பேக்கேஜாக இருந்தால். அங்குள்ள 2015-ஆம் ஆண்டுப் பேக்கேஜ் பயண நெறிமுறைப்படி, தொடங்க 7 நாளுக்கு முன்பு தெரிவித்தால் உங்கள் இடத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம், மாற்றத்துக்கான உண்மையான செலவை மட்டும் கட்டினால் போதும். நடைப்பயணம் தனிப் பேக்கேஜாக இருந்து, மாற்றாக ஒரு நண்பர் கிடைத்தால், க்ளெய்மே தேவைப்படாமல் போகலாம். உங்களுக்கு அந்த 7 நாள் கெடு நெருங்கிவிட்டது என்பதை மறக்காதீர்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது என்று கேட்டால், பாலிசிப் புத்தகத்தை எடுத்து ‘பயணம்’, ‘ரத்து’, ‘இடைமுறிவு’ ஆகிய மூன்றின் வரையறைகளையும் படித்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்புறம் மருத்துவரிடம் நிரலோடு போங்கள். நடைப்பயண நிறுவனத்திடம் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். சில பாலிசிகள் காரணம் நிகழ்ந்த 72 மணி நேரத்துக்குள் பயண நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை என்றால், தாமதத்தால் கூடிய அபராதத்தைத் தராது. நாள் கூடக்கூட ரத்துக் கட்டணமும் கூடிக்கொண்டே போகும். கட்டிய பணத்துக்கான ரசீது, ரத்துக் கட்டண விவரம், மருத்துவக் கடிதம், ஸ்கேன் அறிக்கை, எல்லா மின்னஞ்சல்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். மறுத்துவிட்டால், எந்தப் பிரிவின் எந்த வரியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். அந்த வரியை இங்கே அப்படியே பதிவிட்டால், அதற்கு என்ன பதில் எழுதலாம் என்று பார்க்கிறேன்.